சாய்வெழுத்தின் கை

மார்ச் 4, புதன்

காலை முழுவதும் ஒரு காற்புள்ளியோடு மல்லுக்கட்டினேன். நிமிர்ந்த எழுத்துக்குப் பக்கத்தில் அது ஒழுங்காக நிற்கிறது. சாய்வெழுத்துக்குப் பின்னால் வைத்தால் மட்டும் கையைப் பிடித்துத் தொங்குகிற குழந்தை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பதினோரு தடவை நகர்த்தினேன். படிக்கிற யாருக்கும் இது தெரியப்போவதில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் எழுத்துருக் கூடத்தில் வரைகிறவர்கள் இரண்டே பேர். நிமிர்ந்த ஆங்கில எழுத்தெல்லாம் நெட்டையுடையது, சாய்ந்ததெல்லாம் என்னுடையது. நெட்டை ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷன். அவர் வரைகிற எழுத்தும் அப்படியே, இஸ்திரி போட்ட சட்டை.

மத்தியானம் மேலாளர் வந்தார். நெட்டையின் புது எழுத்துக்குச் சாய்வு வரைய எனக்கு எதற்கு எட்டு மாதம், ஒரு பட்டனைத் தட்டினால் தானாகச் சாய்ந்துவிடுமே என்றார். இந்த ஆளுக்கு எத்தனை முறை சொல்வது? பட்டனைத் தட்டிச் சாய்த்தது விழப்போகிற அலமாரி. சாய்வெழுத்து என்பது வேறு கை, வேறு வேகம். சின்ன 'ஏ' தன் கூரையைக் கழற்றிப்போடும். 'எஃப்' கோட்டுக்குக் கீழே வாலை இறக்கும். எல்லாம் கொஞ்சம் ஒடுங்கி, நெரிசல் பேருந்தில் நிற்பதுபோல் தோளைக் குறுக்கிக்கொள்ளும். கோட்டின் நுனியில் இருக்கிற செரிஃப் நிமிர்ந்த எழுத்தில் செருப்பு மாதிரி தட்டையாகக் கிடக்கும். சாய்வில் அதுவே பேனா வந்து இறங்கின தடமும் கிளம்பிப்போன தடமும்.

எதற்குப் பயன் என்று கேட்டார். புத்தகத்தில் கனவு, செத்தவர் எழுதிய கடிதம், மனதுக்குள் பேசுவது, கப்பலின் பெயர், செடியின் அறிவியல் பெயர் இதெல்லாம் சாய்வில்தான் போடுகிறார்கள் என்றேன். வாய்விட்டுச் சொல்லாததெல்லாம் அங்கேதான் போகிறது. அவர் தலையை ஆட்டிவிட்டு, 'வாடை மாதிரி ஒண்ணு செய்யுங்க, போதும்' என்று போய்விட்டார்.

வாடை என் சாய்வெழுத்து. ஐந்து மாதத்துக்கு முன் வெளிவந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி சாய்ந்திருப்பதால் அந்தப் பெயர். சோப்பு உறையில் வாடை, கவிதைப் புத்தகத்தில் வாடை, வங்கிக்காரன் மன்னிப்புக் கடிதத்தில்கூட வாடை. மேலாளர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். ஆடட்டும்.

மார்ச் 6, வெள்ளி

நெட்டை தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: 'உங்க மத்த சாய்வெல்லாம் நீங்க வரைஞ்சது. வாடை மட்டும் யாரோ எழுதினது மாதிரி இருக்கு.' பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பாராட்டுத்தானே?

மார்ச் 8, ஞாயிறு

தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு இந்தச் சடங்கு. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யார் முகத்தையும் ஒரு கணம் அளவெடுத்துவிட்டுத்தான் சிரிப்பார்.

தங்கை இடதுகைக்காரி. அதாவது, இருந்தாள். அம்மா சின்ன வயதில் 'பீச்சாங்கையால எழுதாதே' என்று விரல்மேல் போடுவாள். கொஞ்ச நாளில் அம்மாவே அந்தக் கை எழுதினதை அக்கம்பக்கத்தில் காட்டத் தொடங்கினாள். 'சின்னவ எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா.' பெரியவள் எழுத்தைப் பாருங்க என்று ஒரு தடவைகூட யாரையும் கூப்பிட்டதில்லை. எனக்கும் கை இருந்தது. அதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

ஒன்பது வருடத்துக்கு முன் விபத்து. இடது மணிக்கட்டில் நரம்பு போயிற்று. அந்தக் கையால் இப்போது கிண்ணத்தை அணைத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். வலது கையால் எல்லாம் செய்யக் கற்றுக்கொண்டாள், எழுதுவதைத் தவிர. பேனாவைத் தொட மாட்டாள். தாவரத் தோட்டத்து அலுவலகத்தில் வலது கையால் விதைப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறாள்.

சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: தோட்டத்தில் மரங்களுக்கெல்லாம் புதுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள், எல்லாம் உன் வாடையில்தான். 'சாலிக்ஸ் மரத்துப் பலகையில எக்ஸைப் பார்த்தேன். மாத்தாம விட்டிருக்கே. நல்லது' என்றாள். பிறகு எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அவள் வேலை செய்யும் தோட்டம் என்று தெரிந்துதான் அந்தப் பலகை வேலைக்கு நான் வாடையைக் கொடுத்தேனா? தெரியாது என்று எழுத நினைத்தேன். தெரியும்.

மார்ச் 9, திங்கள்

எக்ஸ் விஷயத்தை ஒரு தடவை எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

பட்டை நிப் பேனாவை வலது கையில் பிடித்தால் இடமிருந்து வலமாக இறங்குகிற கோடு தடிக்கும், ஏறுகிற கோடு மெலியும். உலகத்து எக்ஸ் எல்லாம் அப்படித்தான். இடது கையில் பிடித்தால் தலைகீழ்: ஏறுகிற கோடு தடிக்கும். வாடையின் உயிரே அந்தத் தலைகீழ்தான். கண்ணுக்கு ஏதோ புதுசாகப் படும், ஏன் என்று தெரியாது.

விபத்துக்குப் பிறகு அவள் தன் மாதிரித் தாள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு என்னிடம் தந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு தாள். 'பார்க்க முடியல. எரிச்சிடு' என்றாள். எரிக்கவில்லை. குப்பைக்குப் போக வேண்டியதை எடுத்து வைத்தவள் திருடியா? ஒவ்வொரு எழுத்தையும் ஸ்கேன் செய்து, ஓரத்தைச் சீராக்கி, இடைவெளி பார்த்து மூன்று வருடம் உட்கார்ந்தது யார்? கண் போனது யாருக்கு?

வெளியீட்டுக் கையேட்டில் என்ன எழுதினேன் என்று எடுத்துப் பார்த்தேன். 'என் இடது கையைப் பழக்கி, அந்தக் கையால் எழுதிப் பார்த்துப் பிறந்த எழுத்து இது.' இதைக் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறேன். பேட்டியிலும் சொன்னேன். அழகான வாக்கியம், அதனால்தான்.

அவள் அந்தக் காலத்தில் எதையெல்லாமோ எழுதிக் கொடுத்தாள், சான்றிதழ், அழைப்பிதழ் உறை, ஏதோ சங்கத்துப் பதிவேடு. எதுவும் யாரிடமும் மிஞ்சியிருக்காது. உறையைக் கிழித்துத்தான் போடுவார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

வாடைக்குப் பரிசு! எழுத்துரு வரைவோர் சங்கத்தின் ஆண்டுப் பரிசு. மேலாளர் அலுவலகத்தையே கூட்டி வைத்துக் கை தட்டச் சொன்னார். நெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். இருபத்து நான்கு வருடம் அடுத்தவன் நிமிர்ந்த எழுத்துக்குச் சாய்வு வரைந்தே தேய்ந்தவள் நான். சாய்வு என்றாலே துணை எழுத்து, பக்கத்துக்கு நாலு சொல். அதற்குத் தனியாக ஒரு பரிசு. எனக்குத் தனியாக ஒரு மேடை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், இல்லாவிட்டால் முன்வரிசையில் உட்கார வைத்திருப்பேன்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மாலையில்தான் படித்தேன். சங்கத்துக்கு ஒரு வழக்கம். பரிசு பெற்றவர் விழா மேடையில் உட்கார்ந்து, பட்டை நிப்பால், தன் எழுத்திலேயே சங்கத்தின் பெரிய பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எல்லோரும் ஆங்கிலத்தில் அதே வரிதான்: இந்த எழுத்து என் கையில் பிறந்தது. ஜூன் 27, சனிக்கிழமை.

கையேட்டில் அந்த வாக்கியத்தை எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 11, சனி

இரண்டு நாளாக முயற்சி. வலது கையிலேயே நிப்பைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். தடிமன் சரியான பக்கம் விழுகிறது, எழுத்து செத்துக்கிடக்கிறது. இடது கையில் எடுத்தேன். சீ! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பார்த்தால் சிரிக்கும். அதுவும் இடது கையால் எழுதுவேன் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நானே.

ஒருத்தியால்தான் சொல்லிக்கொடுக்க முடியும். கேட்பேனா? கேட்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கேட்டேன். போகிற வழியெல்லாம் சுற்றி வளைத்து ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், 'உன் தாளையெல்லாம் நான் எரிக்கலை' என்று உளறிவிட்டேன். தெரியும் என்றாள். தோட்டத்தில் முந்நூற்று நாற்பது மரத்தில் தன் கையெழுத்து தொங்குகிறது, தெரியாமல் இருக்குமா என்றாள். குரல் உயரவில்லை. நான்தான் கத்தினேன். 'நீ எரிக்கத்தானே சொன்னே? எரிச்சிருந்தா இன்னிக்கு என்ன இருந்திருக்கும்? சாம்பல்தானே!'

பரிசைச் சொன்னேன். மேடையைச் சொன்னேன். எனக்குக் கற்றுக்கொடு என்றேன். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

'எந்தச் சங்கம்?' என்று கேட்டாள். சொன்னேன்.

'சரி. தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. ஒரு நாள்கூட விடக்கூடாது.'

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. மனசு நல்ல மனசுதான் அவளுக்கு. அல்லது விவரம் போதாது.

ஏப்ரல் 20, திங்கள்

ஒன்பதாவது நாளும் வெறும் கோடு. எழுத்தே இல்லை, கோடு, கோடு, கோடு. அவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள். தாளைச் சாய்க்கிற கோணம் தப்பு, முழங்கை ஒட்டக்கூடாது, மூச்சை விட்டபின் தொடங்கு. கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி அதையே சொல்கிறாள். தப்பினால் 'இன்னொரு தடவை'. சரியாக வந்தாலும் 'இன்னொரு தடவை'.

இன்று விரல் வலிக்கிறது என்றேன். 'வலிக்குதுன்னா இன்னும் உணர்ச்சி இருக்கு' என்று சொல்லித் தன் இடது கையை மேஜைமேல் வைத்துக்கொண்டாள். வேண்டுமென்றே வைக்கிறாள். என் கண்ணுக்கு நேராக. அந்தச் சுண்டுவிரல் மடிந்தே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எவளால் நேராக ஒரு கோடு போட முடியும்?

மே 3, ஞாயிறு

இன்று 'எம்' வந்தது. மூன்று கால், இரண்டு வளைவு, ஒரே மூச்சில். நான் வரைந்து வரைந்து மூன்று வருடம் புரியாதது இன்று கைக்குப் புரிந்தது: வளைவு காலிலிருந்து பிரிவதே இல்லை, கால் பாதியிலேயே வளைவாக மாறத் தொடங்கிவிடுகிறது. வாடையில் அந்த இடத்தை நான் தப்பாகச் சீராக்கியிருக்கிறேன். அவளுக்கு அது தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள் கை எனக்குள் வந்துகொண்டிருக்கிறது. அம்மா தலையில் வைத்து ஆடிய கை.

மே 4, திங்கள்

இன்னொரு தடவை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை.

மே 22, வெள்ளி

பாடத்துக்கு நடுவில், பேனா மையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: 'ஏன் காத்துப் பேரா வெச்சே?'

எழுத்து சாய்ந்திருப்பதால் என்றேன். 'ஓ' என்றாள். என் பேனாவிலிருந்து தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அந்தத் தாளை எடுத்துப்போட்டுவிட்டுப் புதுத் தாள் வைத்தாள்.

இங்கே எழுதுகிறேன். வேறு எங்கே எழுத?

ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் பழைய முதலாளி, இப்போது உயிரோடு இல்லை, அவள் தாள்களைப் பார்த்தார். நான் காட்டவில்லை, என்னை அழைத்துப்போக வந்தவள் கையில் வைத்திருந்ததை அவரே வாங்கிப் பார்த்தார். 'இதுதான் நம்ம அடுத்த சாய்வு. இனிமே சாய்வை உங்க தங்கச்சி பார்க்கட்டும்' என்று என்னிடமே சொன்னார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கூடத்து வாசலில் கார். அதுவரை நடக்கும்போதெல்லாம் அவள் பூரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவள் வெளியே நின்று, குனிந்து, கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். 'நீ கோபமா இருக்கியாக்கா?' என்றாள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

காற்று என்று சொன்னேன். மருத்துவமனையில், அம்மாவிடம், அவளிடம். காற்று இருந்தது. கொஞ்சம் இருந்தது.

அவள் கை அங்கே இருந்தது எனக்குத் தெரியுமா? தெரிந்திருக்குமா? அதை மட்டும் எழுத வரவில்லை.

ஜூன் 10, புதன்

முழு வரியும் வந்துவிட்டது. இந்த எழுத்து என் கையில் பிறந்தது. ஐந்து தடவை எழுதி ஐந்தும் பிழையில்லை. மாப்பிள்ளை கடையிலிருந்து பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். 'ஜி'யின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைச் சுட்டி, நான் கடைசியில் ஒரு மயிரிழை மேலே தூக்குவேன், நீ தூக்கவில்லை என்றாள். தூக்கினேன். மறுபடி பார்த்தாள்.

'இப்போ யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது' என்றாள்.

இந்த அறுபது நாளில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 25, வியாழன்

நெட்டை கேட்டார், ஏன் இப்படி இளைத்துப்போய்விட்டீர்கள் என்று. பயிற்சி என்றேன். சிரித்தார். 'போன வருஷம் ஜெயிச்சவர் கோழி கிளறின மாதிரிதான் எழுதினார். கை நடுங்குதுன்னு சொல்லிச் சிரிச்சுட்டு இறங்கிட்டார். யார் பார்க்கறாங்க அதை?'

இவருக்கு என்ன தெரியும்? ஒப்பேற்றுகிறவர்கள் ஒப்பேற்றட்டும். நான் அசத்தப்போகிறேன். அவளையும் அழைத்திருக்கிறேன், மூன்றாம் வரிசை.

ஜூன் 27, சனி

இன்று எழுத முடியாது.

ஜூன் 29, திங்கள்

அலுவலகத்துக்குப் போகவில்லை. தொலைபேசியை அணைத்து வைத்திருக்கிறேன்.

வரிசையாகவே எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் பெரிய மேஜை, அதன்மேல் பதிவேடு, அதற்கு நேர் மேலே ஒரு கேமரா. பதிவேட்டில் எழுதுவதெல்லாம் பின்னால் திரையில் ஆளுயரத்துக்குத் தெரியும். சங்கத்தின் செயலாளர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பேனாவை மரியாதையாக நீட்டினார். இடது கையில் வாங்கினேன். அரங்கத்தில் ஒரு முணுமுணுப்பு, நல்ல முணுமுணுப்பு. மூச்சை விட்டேன். எழுதினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வரி எழுதியதில்லை. 'ஜி'யின் காதைக்கூட மயிரிழை தூக்கினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்த ஒரு நிமிடம் இருந்ததே, அதை யாராலும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

எடுத்துவிட்டார்கள். சங்கத்துக் கடிதத்தில் போடாத இன்னொரு வழக்கம் இருந்தது. புது வரி காய்ந்ததும் செயலாளர் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, ஒவ்வொரு வருடத்துப் பக்கத்தையும் திரையில் காட்டி, பரிசு பெற்றவர் பெயரைப் படிப்பார். போன வருடம். கோழி கிளறல், சிரித்தார்கள். அதற்கு முந்தின வருடம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தலைப்பாகப் பரிசாளர் பெயர், சங்கம் போடுவது. கீழே அவர் வரி. ஆறு, ஏழு, எட்டு. எல்லாத் தலைப்பும் அச்சடித்து ஒட்டிய தாள்.

ஒன்பதாவது பக்கம் திரும்பியது. தலைப்பு கையெழுத்து.

வாடை. தலைப்பு முழுக்க வாடை. பெரிய 'ஏ'யின் இடது கால் தடித்து, வலது கால் மெலிந்து. 'ஜி'யின் காது மயிரிழை தூக்கி. செயலாளர் படிப்பதை நிறுத்திவிட்டார். இன்னொரு பக்கம் புரட்டினார். பத்தாவது. பதினொன்று. பன்னிரண்டு. நாலு பக்கமும் அதே கை. என் பக்கத்துக்கு முன்னோக்கி வந்தார், மறுபடி பின்னோக்கிப் போனார். திரையில் மாறி மாறி, என் வரி, அந்தத் தலைப்பு, என் வரி, அந்தத் தலைப்பு. முன்வரிசையில் ஒருவர் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். நெட்டை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'தலைப்பு எழுதியவர்' என்று போட்டு, தங்கையின் பெயர்.

'இது யாரோட கைம்மா?' என்று செயலாளர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். மைக்கில் விழுந்தது.

எனக்குத் தெரியாது என்றேன்.

தெரியாது என்று சொன்னேன். அவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். செயலாளர் கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். பார்வை அவள் முகத்தில் வந்து நின்றது. 'நீங்கதானே? இடது கையால எழுதுவீங்க, எனக்கு ஞாபகம் இருக்கு' என்றார்.

'ஆமாங்கய்யா. ரொம்ப நாளாச்சு' என்றாள். அவ்வளவுதான். எழுந்து நிற்கக்கூட இல்லை. மடியில் கைக்குட்டைக்கு மேல் அந்தக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்களெல்லாம் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஜூலை 3, வெள்ளி

பரிசு திரும்பப் பெறப்பட்டது. என் வரி இருக்கும் பக்கத்தைக் கிழிக்க மாட்டார்களாம், பதிவேட்டில் எதையும் கிழிப்பது வழக்கம் இல்லையாம். அப்படியே இருக்கும். ஒவ்வொரு வருடமும் புரட்டிக் காட்டுவார்கள்.

மேலாளர் விடுப்பில் போகச் சொன்னார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

நேராகப் போய்க் கேட்டேன். பதிவேட்டில் எழுதியிருந்ததை ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மேடை ஏறியே இருக்க மாட்டேன்.

'எழுதின அன்னிக்கே சொன்னேன்' என்றாள். சங்கத்திலிருந்து கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள் என்று ஓடிவந்து சொன்னாளாம். நான் தலையை நிமிர்த்தாமல் 'ம்' என்றேனாம். நாலு வருடமும் 'ம்' என்றேனாம். இருக்கலாம். எனக்கு நினைவில்லை. அது எனக்கு வேண்டியிராத செய்தி.

அப்படியானால் எதற்கு அறுபது எழுபது நாள் உட்கார வைத்து உயிரை வாங்கினாய் என்று கேட்டேன்.

அவள் வலது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

'நீ கோணல்மாணலா எழுதியிருந்தா சிரிச்சு, கைதட்டி அனுப்பியிருப்பாங்க. யாரும் ரெண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டாங்க. அதனாலதான் ஒழுங்கா சொல்லிக்குடுத்தேன்.'

இவளுக்கு விவரம் போதாது என்று நான் எழுதியிருக்கிறேன். ஏப்ரல் 12, பார்த்தேன். அந்த வரியை அடிக்கக்கூட மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

மேலாளர் கூப்பிட்டார். ஓடினேன், நாய் மாதிரி ஓடினேன். நெட்டையின் மேஜைக்குப் பக்கத்தில், என் நாற்காலியில், தங்கை.

வாடை இனி அவள் பெயரில் வெளிவரும். தடித்த வடிவம், எண்கள், சின்னத் தலைப்பெழுத்து எல்லாம் சேர்த்துப் பெரிய குடும்பமாகக் கேட்கிறார்கள். அதற்குப் புதிதாக எழுதிய மாதிரிகள் வேண்டும். அவளால் எழுத முடியாது. அந்தக் கை எழுதத் தெரிந்த கை உலகத்தில் இன்னொன்றுதான் இருக்கிறது.

'அக்கா எழுதட்டும். நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன்' என்றாள், மேலாளரிடம். என்னிடம் கேட்கவில்லை.

இந்த வயதில் வேறு எந்தக் கூடத்தில் எனக்கு வேலை தருவார்கள்? சங்கத்தில் ஒரு ஆள் விடாமல் திரையைப் பார்த்தவர்கள். சரி என்றேன். கையேட்டில் என் பெயர் எங்கே வரும் என்று கேட்டேன். நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வராது என்றார் மேலாளர்.

அக்டோபர் 7, புதன்

இன்று '8' மட்டும் நூற்று நாற்பது. அவள் என் நாற்காலியில், நான் முக்காலியில். தாளைப் பார்க்கிறாள், ஒதுக்குகிறாள். 'இன்னொரு தடவை.' என் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறேன், வீங்கியிருக்கிறது. விடுப்புக் கேட்டேன். கட்டை அவிழ்க்கச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று விரலால் அழுத்திக் கேட்டாள். சரியான இடத்தை அழுத்தினாள். அவளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

'இது ஒண்ணுமில்லக்கா. எழுதலாம்' என்றாள்.

எழுதினேன். நூற்று நாற்பத்தொன்றாவது நன்றாக வந்தது. கேவலம், அதில் எனக்குச் சந்தோஷம்.

நவம்பர் 21, சனி

தாவரத் தோட்டத்தில் பலகைகளை மாற்றினார்கள். 'எம்'மின் வளைவைத் திருத்தி, காலிலேயே தொடங்க வைத்த புது வாடை. வாசலில் ஒரு பெரிய பலகை, எழுத்து என்று போட்டு அவள் பெயர். சின்ன விழா, நெட்டை வந்திருந்தார், செயலாளர் வந்திருந்தார். அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பைகளை வைத்துக்கொண்டு சாலிக்ஸ் மரத்தடியில் நின்றேன். அந்த எக்ஸ் நான் எழுதியது. ஏறுகிற கோடு தடித்து, நுனியில் செரிஃப் ஒரு கொக்கி மாதிரி மடங்கி. யாரிடம் சொல்வது?

மாப்பிள்ளை என்னை வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். முன்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். மணிக்கட்டு வலியில் இடது கையைக் கதவுச் சட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியவில்லை. அவள் வெளியே நின்று கதவில் கை வைத்தாள். உள்ளே குனிந்து பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் நின்ற மாதிரியே.

'கையை உள்ள எடுத்துக்கோக்கா' என்றாள். 'காத்து அடிக்குது.'

வெளியே ஒரு இலை அசையவில்லை. சாலிக்ஸின் கொடி மாதிரியான கிளைகள்கூட நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் பார்வையை எடுக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இன்னும் '9' பாக்கி.